டமாஸ்கஸ் கத்தி: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

உருக்கை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வதால் மேலே அலைபோல வரிகள் தெரியும் டமாஸ்கஸ் கத்திகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டுமே வருடக்கணக்காகச் சமையலறையில் தினசரி வேலை செய்பவை. ஒன்று ஒரு கொல்லர் தன் பட்டறையில் அடித்தது. 1095, 15என்20 என்ற இரண்டு வகை உருக்கை மாற்றி மாற்றி அடுக்கிச் செய்தது. இன்னொன்று தொழிற்சாலையில் வந்தது. நடுவில் விஜி10 உருக்கு, அதன் இரண்டு பக்கமும் மெல்லிய துருப்பிடிக்காத அடுக்குகள்.

இந்த வரியால் கத்தி கூடுதலாக வெட்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வரி இருப்பதால் கத்தி கூடுதலாக வெட்டாது. அடுக்குகள் மாறி மாறி வருவதால் கூர்முனையில் கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பல் உருவாகும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. என் அனுபவத்தில் அப்படி எதையும் உணரவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. அடுக்குகளை ஒட்டவைக்கும் சூட்டில் கார்பன் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குச் சுலபமாக நகர்ந்து கிட்டத்தட்ட சமமாகிவிடும். 15என்20-இல் இருக்கும் சுமார் 2 சதவீத நிக்கல் அப்படி நகராது, இடத்திலேயே நிற்கும். அமிலத்தில் முக்கும்போது நிக்கல் உள்ள அடுக்கு பளிச்சென்று நிற்கிறது, மற்றது கறுக்கிறது. நாம் பார்க்கிற வரி அதுதான். கடினத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், என் பதில் பட்டறையில் இருக்கிறது. கத்தி வாங்கி நன்றாகப் பழகிய பிறகு, அதைச் செய்தவரிடமே கேட்டு, ஒரு பாளம் தயாராவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தகடுகளைத் துரு, எண்ணெய் எதுவும் இல்லாமல் தேய்த்து, அடுக்கி, ஓரங்களில் பற்றவைத்து, ஒரு நீளக் கம்பியைக் கைப்பிடியாக வைத்து உலையில் விடுகிறார். செந்நிறம் வந்ததும் வெளியே எடுத்து வெங்காரம் தூவுகிறார். அது பொங்கி, உருகி, கண்ணாடி மாதிரி மேலே படர்கிறது. காற்றைத் தடுப்பதும், சூட்டில் இரும்பின் மேல் ஏற்கெனவே உண்டான செதிலைக் கரைத்து எடுப்பதும் அதன் வேலை. மறுபடி உலை. மஞ்சள் நிறம் ஏறி, மேல்பரப்பு ஈரமாக மினுங்குவதுபோல் தெரியும்வரை காத்திருக்கிறார். ஏறத்தாழ 1200 டிகிரி. இன்னும் கொஞ்சம் விட்டால் கார்பன் உருக்கு பொறி கக்கி எரிய ஆரம்பித்துவிடும், முன்னாடியே எடுத்தால் ஒட்டாது.

பட்டடையில் வைத்ததும் ஓங்கி அடிப்பார் என்று பார்த்தால், முதல் அடிகள் மெதுவானவை. ஒரு முனையிலிருந்து வரிசையாக, உள்ளே இருக்கும் வெங்காரத்தைப் பிதுக்கித் தள்ளுகிற அடிகள். உருகிய வெங்காரம் நாலாபக்கமும் தெறிப்பதால் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒட்டாத வரை சத்தம் தளர்வாக, தகரத்தனமாக இருக்கிறது. ஒட்டியதும் ஒரே கட்டியில் விழுகிற அடியின் சத்தம் வருகிறது, அந்த மாற்றம் என் காதுக்கே தெரிந்தது. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாளத்தை அப்படியே தூக்கிப் பிடித்து, அது ஆறும்போது பக்கவாட்டில் உற்றுப் பார்த்தார். எங்காவது மேல் அடுக்கு ஒட்டாமல் இருந்தால், அடியிலிருந்து சூடு ஏறி வராததால், அந்த இடம் மட்டும் சுற்றியுள்ளதைவிடச் சீக்கிரம் இருண்டுபோகும். அந்த நிழல் தெரிந்தால் மறுபடி வெங்காரம், மறுபடி உலை. சில நொடிகள்தான் கிடைக்கும், அதற்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஒட்டிய பாளத்தை நீட்டி, பாதியாக வெட்டி, மேலே மேலே வைத்து மறுபடி ஒட்டினால் அடுக்கு இரட்டிப்பாகும். 7 தகட்டில் தொடங்கினால் ஐந்து முறையில் 224. எண்ணிக்கை சுலபம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி இரும்பு செதிலாக உதிர்ந்து போகிறது, ஒவ்வொரு முறையும் முழுப் பாளமும் வீணாகிற வாய்ப்பு திரும்ப வருகிறது. நான்கு முறை சரியாக ஒட்டி ஐந்தாவதில் ஓர் ஓரம் பிளந்தால் அத்தனை வேலையும் போச்சு. டிசைன் வருவதும் இதற்கு மேல்தான். பாளத்தில் குறுக்கே பள்ளங்கள் வெட்டி அடித்துத் தட்டையாக்கினால் ஏணிப்படி வரி, குழிகள் போட்டு அதேபோல் அடித்தால் மழைத்துளி, சூட்டில் முறுக்கித் தட்டினால் நட்சத்திரம்போன்ற சுழிகள். கடைசியில் தேய்க்கும்வரை டிசைன் கண்ணுக்குத் தெரியாது. செய்கிறவர் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே அடிக்கிறார்.

இதெல்லாம் முடிந்தாலும் அது இன்னும் கத்தி இல்லை, தோய்ச்சல் பாக்கி. சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தினால் உருக்கு கெட்டியாகிறது. அரத்தை வைத்துத் தேய்த்தால் பிடிக்காமல் வழுக்க வேண்டும். அந்த நிலையில் அது கீழே விழுந்தாலே உடையலாம், அதனால் 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் இளக்குகிறார்கள். என் கத்தி இன்றும் நன்றாக வெட்டுகிறது என்றால் அதற்கு இந்தக் கட்டம்தான் முக்கியக் காரணம், ஆனால் இதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கொல்லர் சங்கம் 1976இல் தொடங்கியது. அங்கே மாஸ்டர் பட்டத்துக்கான செயல்திறன் சோதனைக்குக் குறைந்தது 300 அடுக்குள்ள டமாஸ்கஸ் கத்தி செய்துகொண்டு போக வேண்டும். தொங்கும் ஓர் அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரக்கட்டையை வெட்டித் துண்டாக்குவதை இரண்டு முறை செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் அதே கத்தி கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. அழகுக்கு அந்தச் சோதனையில் மதிப்பெண் இல்லை. என் மனதில் டமாஸ்கஸுக்கு மரியாதை கூடியதற்கு இதைப் படித்ததும் ஒரு காரணம்.

பழைய டமாஸ்கஸ் வாள்கள் வேறு சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும், விளம்பரங்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. அவை தகடு அடுக்கியவை அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண்கலத்தில் உருக்கி எடுத்த, 1.5 சதவீதம் வாக்கில் கார்பன் உள்ள உருக்குக் கட்டிகள் மேற்கே போயின. அவற்றைக் குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்க அடிக்க, உருக்குக்குள்ளேயே கார்பைடு (கார்பனும் இரும்பும் சேர்ந்தது) துகள்கள் வரிசைகட்டி அலைபோலத் தெரிந்தன. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கிலேயே இதை ஆராயத் தொடங்கினார். வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்ததே அந்த வரிசைக்குக் காரணம் என்று வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் 1998இல் எழுதினார்கள். இன்றைய அடுக்கு முறை டமாஸ்கஸை 1973இல் ஒரு கண்காட்சியில் வைத்துப் பரவலாக்கியவர் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர்.

சரி, புழக்கத்துக்கு வருகிறேன். கையால் அடித்த கத்தி துருப்பிடிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். எலுமிச்சையோ தக்காளியோ வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுப்பும் நீலமுமாகச் சாயல் ஏறும். அது கெடுதல் இல்லை, ஒருவகையில் துருவைத் தடுக்கிற படலம்தான். ஆனால் ஈரத்தோடு இரவு முழுக்க விட்டால் சிவப்புத் துருப் புள்ளி வரும். வெட்டி முடித்ததும் கழுவித் துணியால் துடைத்துவிடுகிறேன், ரொம்ப நாள் எடுக்காமல் வைப்பதானால் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவுகிறேன். சாணைக்கல்லில் இது சட்டென்று கூராகிவிடும், கூராக்கும்போது விளிம்பில் எழும் பிசிறும் சுலபமாக விழும். தொழிற்சாலைக் கத்தி கூரை அதிக நாள் தாங்குகிறது, கவனிப்பும் குறைவாகப் போதும், ஆனால் கூராக்க நேரம் எடுக்கும், எலும்புபோன்ற கெட்டியான பொருளில் பட்டால் முனை சில்லுப் போகும். அதன் பக்க அடுக்குகள் அலங்காரமும் பாதுகாப்பும்தான். வெட்டுவது நடுவில் இருக்கும் விஜி10.

வரி மங்குவதைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. வருடக்கணக்கில் தேய்த்துக் கழுவினால் கறுப்புப் பகுதி வெளுக்கும், கல்லில் பட்ட இடத்தில் வரியே போய்விடும். உண்மையான அடுக்கு என்றால் திரும்பக் கொண்டுவரலாம். மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உலோகத்தை அரிக்கும் அமிலக் கரைசலான நீர்த்த ஃபெரிக் குளோரைடில் சில நிமிடம் வைத்து, சோடா மாவு கலந்த தண்ணீரில் கழுவினேன். கையுறை கட்டாயம், உலோகப் பாத்திரம் கூடாது. அமிலம் வேண்டாம் என்பவர்கள் நல்ல கெட்டியான இன்ஸ்டன்ட் காபிக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைக்கலாம், எனக்கு அதில் இன்னும் ஆழமான கறுப்பு கிடைத்தது.

வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய மூன்றாவது கத்தி ஒன்றும் இருந்தது. சில மாதத்தில் முதுகுப் பக்கம் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, நகத்தை ஓட்டினால் மாட்டியது. ஒட்டாமல் விட்ட அடுக்கு. தண்ணீர் அதற்குள் போய் துரு உள்ளிருந்து வர ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான், பாளத்தைத் தூக்கி நிழல் தேடிய அந்தக் கொல்லரின் சில நொடிகளுக்கு என்ன மதிப்பு என்று முழுசாகப் புரிந்தது.

அதனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் கத்தியின் முதுகைப் பாருங்கள். பக்கத்தில் ஓடும் வரி முதுகிலும் தொடர வேண்டும். அங்கே வெறுமையாக இருந்தால் டிசைன் மேலே அச்சடித்ததாக இருக்கலாம். பக்க அடுக்கு வைத்த கத்தியில் நடுவே ஒரு தனி உருக்குக் கோடு தெரியும், அது சரிதான். அடுத்து, எந்தெந்த உருக்கு, எத்தனை ராக்வெல் (உருக்கின் கடினத்தைக் குறிக்கும் அளவு) என்று கேளுங்கள். அடுக்கு எண்ணிக்கையை மட்டும் சொல்லி உருக்கின் பெயரைச் சொல்ல மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன். நல்ல கொல்லர் தோய்ச்சலைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகி அரை மணி நேரம் பேசுவார், அவரிடம் வாங்குங்கள்.