பிஎஸ்5 பண்டில்: தட்டுப்பாட்டுக் கால விலைக்கணக்கு

இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-இல் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வந்தபோது டிஸ்க் மாடலின் எம்ஆர்பி 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990. எம்ஆர்பிக்கு மேல் பில் போடுவது சட்டப்படி குற்றம். ஆகவே சரக்குத் தட்டுப்பாடான தீபாவளி நேரத்தில் கடைகள் பிடித்த வழி, கட்டாயப் பண்டில்: "தனியா கன்சோல் இல்ல சார், செட்டாத்தான்."

அன்றைய விலையில் கூட்டிப் பாருங்கள். கன்சோல் 49,990, இரண்டாவது டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் 5,990, ஒரு கேம் 4,999, எச்டி கேமரா 5,190. மொத்தம் 66,169. கடைக்காரர் 70,000 கேட்டால் 3,831 ரூபாய் வெறும் தட்டுப்பாட்டுக் கூலி. பில்லில் அது "இன்ஸ்டாலேஷன்" என்று ஒளிந்திருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருக எதற்கு இன்ஸ்டாலேஷன்? உண்மையில் தண்டம் இன்னும் அதிகம். அந்தக் கேமரா பெரும்பாலானோருக்கு வீடியோ ஒளிபரப்பைத் தவிர வேறெதற்கும் உதவாது.

மோசமான செட், டிஜிட்டல் மாடலுடன் டிஸ்க் கேம் தருவது. டிஸ்க் போட டிரைவே கிடையாது. கேமை அப்படியே விற்கத்தான் வேண்டும்.

விலை குறைவென்று இறக்குமதிப் பெட்டியை நீட்டினால் மாடல் எண்ணைப் பாருங்கள். முதல் வரிசையில் இந்தியப் பெட்டி சிஎஃப்ஐ-1008. அமெரிக்கப் பெட்டி 1015. இந்திய வாரண்டி பின்னதற்குக் கிடைக்காது. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எம்ஆர்பியை மீறினால் பெட்டியின் விலை லேபிளைப் படமெடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். பண்டில் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை எழுதச் சொல்லுங்கள்; பாதிக் கடைகள் அங்கேயே இறங்கிவரும்.