185,000 ரூபாய்க்கு வந்த இரண்டு போலிப் பெட்டிகள்: டர்ன்டேபிள் வைத்திருப்போர் கவனத்திற்கு

கொழும்பிலிருந்து, பாவித்த ஜப்பானிய ஒலிக்கருவிகளைச் சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றின் மூலம் விற்கும் ஒருவரிடம் 185,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஃபோனோ பிரீஅம்ப், ஸ்டெப் அப் மின்மாற்றி என்ற பெயரில் வந்த, எதற்கும் உதவாத இரண்டு பெட்டிகளை ஹட்டனில் வைத்துக்கொண்டிருக்கிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர் விற்கும் விதத்தை எழுதுவதற்குத் தடை எதுவுமில்லை. அவருடைய கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது, ஆகவே இந்தப் பதிவில் நிதானம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது டெனன் டிஎல்-103 என்னும் மூவிங் கொயில் கார்ட்ரிட்ஜ், அதாவது டர்ன்டேபிளில் இசைத்தட்டின் தடத்தை ஊசியால் தொட்டு மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதி. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவாக்கப்பட்டு இன்றும் விற்பனையில் இருக்கும் அது, ஏறத்தாழ 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும். சாதாரண மூவிங் மக்னட் வகை அதைவிடப் பத்து மடங்கு, சில வேளை அதற்கும் மேலாகத் தரும். எனவே முதலில் ஒரு ஸ்டெப் அப் மின்மாற்றி அந்தச் சிறிய சமிக்ஞையை உயர்த்த வேண்டும், அதன் பிறகே 47 கிலோஓம் உள்ளீட்டுத் தடையுள்ள, அதைப் பெருக்கிச் சீராக்கும் ஃபோனோ பிரீஅம்பின் வேலை தொடங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பதால், தெரிந்த ஒருவரிடம் சோடியாக வாங்குவதே நல்லது என்று எண்ணினேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விடயம். கார்ட்ரிட்ஜின் பெயரைச் சொன்ன உடனேயே, “அதோட உள் தடை 40 ஓம் சேர், உங்களுக்கு 1:30 சுற்று விகித மின்மாற்றி சரிவராது. 47,000ஐ 30இன் வர்க்கம் 900ஆல் பிரிச்சுப் பாருங்க, கார்ட்ரிட்ஜுக்கு 52 ஓம்தான் தெரியும், பாதிக்குக் கிட்ட சத்தம் அதிலேயே போயிடும். 1:10 போட்டால் 470 ஓம் வரும், அதுதான் பொருத்தம்” என்றார். அவர் சொன்ன ஒவ்வோர் எண்ணும் சரியானது. இவ்வளவு தெளிவாகக் கணக்குச் சொல்லும் ஒரு வியாபாரியை நான் அதுவரை சந்தித்ததில்லை. நான் ஹட்டன் என்றதும், அதுவரை கொழும்புத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை மாற்றி, “எங்க அம்மாயி வீடு கொட்டகலதான் சேர், நம்ம ஆளுகளுக்குப் பிழையான சாமான் குடுப்பேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பேரம் முடிந்தது. அப்படியொரு அம்மாயி கொட்டகலையில் இருந்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

பிரீஅம்புக்கு 95,000, மின்மாற்றிக்கு 90,000, ஆக 185,000 ரூபாயை முழுவதுமாக அவருடைய கணக்கில் வைப்பிலிட்ட பின்னரே பொதி அனுப்பப்பட்டது. இணைத்துக் கேட்டபோது பாடகரின் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கீச்சிட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஓசை மருந்துக்கும் இல்லை. ஒலியைக் கூட்டினால் பாட்டைவிட மின்னிரைச்சலே முன்னால் வந்து நின்றது.

டிக்கோயாவில் வானொலி திருத்தும் நண்பர் இரண்டையும் திறந்தார். மியூமெட்டல் (காந்த இரைச்சலைத் தடுக்கும் உலோகம்) கவசம் என்று சொல்லப்பட்டது வர்ணம் பூசிய தகரம். உள்ளே, ஒலிபெருக்கி லைன்களைப் பொருத்துவதற்குப் பயன்படும், 600 ஓமை 10 கிலோஓமாக மாற்றும் இரண்டு மலிவான மின்மாற்றிகள் இருந்தன. பெட்டியின் கனத்துக்குக் காரணம் அடியில் ஒட்டப்பட்டிருந்த இரும்புத் துண்டு. இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) விகிதத்தின் வர்க்கமூலமே சுற்று விகிதம் என்பதால் அது ஏறக்குறைய 1:4. கார்ட்ரிட்ஜின் 0.3 மில்லிவோல்ட் 3 ஆக உயர வேண்டிய இடத்தில் 1.2 ஆகத்தான் உயரும்.

பிரீஅம்பின் கதை இதைவிட மோசம். இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிவார்கள். 1954இலிருந்து நிலைபெற்ற, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்ஐஏஏ வளைவின்படி அதை நேர்மாறாகத் திருப்புவதுதான் (ஈக்வலைசேஷன்) ஃபோனோ பிரீஅம்பின் தலையாய வேலை. முறையான கருவியில் 100 ஹெர்ட்ஸுக்கும் 10,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 27 டெசிபெல் வேறுபாடு இருக்க வேண்டும். நண்பர் கைபேசியிலிருந்து இரண்டு ஒலிகளையும் தடைகளால் குறைத்து உள்ளே செலுத்தி, தம்முடைய பழைய ஒசிலோஸ்கோப்பில் காட்டினார்: இரண்டும் ஒரே உயரம். அது மைக்குக்கான சாதாரணப் பெருக்கி; முகப்பில் மட்டும் ‘ஃபோனோ’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

இனி அவருடைய பதில்கள். முதலில், “புதுக் கப்பாசிட்டர் சேர், 200 மணித்தியாலம் பாடவிடுங்க” என்றார். பாடப்பாட இல்லாத ஈக்வலைசேஷன் முளைக்குமா என்று கேட்டதற்கு, மலைநாட்டு ஈரப்பதத்தில் குறை கண்டார். அடுத்து எங்கள் வீட்டு எர்த் சரியில்லை என்றார். பிறகு கார்ட்ரிட்ஜ் பழுது என்றார், அதே கார்ட்ரிட்ஜ் நண்பரின் கருவியில் ஒழுங்காகப் பாடுவதை ஒலிப்பதிவு செய்து அனுப்பியும் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டிக்குள் எடுத்த படங்களை அனுப்பியபோது மட்டும் உடனே பதில் வந்தது: திறந்தால் உத்தரவாதம் இல்லையாம். அதையும் தாண்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்று காலை வந்த பதில், “நீங்க டீச்சர் தானே சேர், கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க.” 185,000 ரூபாயை இழந்தவனுக்குப் பொறுமை பற்றிய பாடம்! அதன்பின் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். ஆனால் அதே மாதிரிச் சோடி, அதே படங்களோடு, அவருடைய பக்கத்தில் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனமில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டி வைப்பிலிடாதீர்கள். பெட்டியின் உட்புறப் படத்தையும் 100, 1,000, 10,000 ஹெர்ட்ஸ் அளவீடுகளையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். தொகையும் பொருளின் விபரமும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி இலக்கம் 1977) முறையிடும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். மின்மாற்றி நல்லதா என்று பார்ப்பதற்காக மல்டிமீட்டரின் ஓம் அளவையை அதன் சுருளில் வைத்துவிடாதீர்கள், அந்த நேரோட்டம் (டிசி) உள்ளிருக்கும் இரும்பு அகணியைக் காந்தமாக்கிவிடக்கூடும். ஆடலோட்ட (ஏசி) சமிக்ஞையைக் கொடுத்தே சோதியுங்கள்.