டவுன் கிளாஸா, போன் கிளாஸா, பழைய பேப்பரா? சாதாரண தரத்துக்கு முந்திய ஆறு மாதக் கணக்கு

பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பதினோராம் தரத்துக்கு ஏறினதும் தேயிலைத் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) அக்கம்பக்கத்தார் கேட்கிற முதல் கேள்வி, "எந்த சேர்கிட்ட கிளாஸ்?" ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளை என்று ஏதோவொரு டவுனை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளையிடம் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனாலும் வழி மூன்று இருக்கிறது: டவுன் கிளாஸ் என்கிற தனியார் வகுப்பு, போனில் வருகிற ஸூம், யூடியூப் வகுப்புகள், மூன்று பேர் சேர்ந்து தோட்டத்திலேயே செய்கிற கடந்தகால வினாத்தாள். மூன்றையும் நாம் ஒரே படியால் அளக்கிறோம். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளை தன் கையால் விடை எழுதுகிறது? எழுதியதில் எவ்வளவு திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறது? பரீட்சை மண்டபத்தில் கேட்டதற்குப் புள்ளி இல்லை, எழுதியதற்குத்தான்.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்ப்போம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம், ஆறு கட்டாயம், மூன்று விருப்பம். 35 புள்ளிக்கு எஸ் (சாதாரண சித்தி), 50க்கு சி (திறமைச் சித்தி), 65க்கு பி, 75க்கு ஏ. உயர்தரம் படிக்க ஆறு பாடத்தில் சித்தி வேண்டும். அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்றிலாவது சி வேண்டும். மலையகத்தில் பல பிள்ளைகளை வாசலோடு மறித்துவிடுகிற பாடம் கணிதம் என்பதால் கீழே அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

டவுன் கிளாஸ்

நல்ல டவுன் கிளாஸின் பலம் ஒழுங்கு. அலகு அலகாகப் பாடம் முடியும், அச்சடித்த டியூட் (பாடக்குறிப்புத் தாள்) கையில் வரும், "எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை" என்ற பயம் போகும். பாடசாலையில் பத்தாம் தரம் முழுக்க விஞ்ஞான ஆசிரியரே வராத பிள்ளைக்கு இதற்கு ஈடு வேறு இல்லை.

அதற்குக் கொடுக்கிற விலை நேரம். மேல்கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து) மெயின் ரோட்டுக்கு முக்கால் மணி நடை, பஸ்ஸுக்கு நின்று ஏறி இறங்க ஒரு மணி என்று வைத்தால் போக வர மூன்றரை மணி. வகுப்பு மூன்று மணி. இந்த ஆறரை மணியில், நூறு பேர் இருக்கிற ஹோலில், பிள்ளை தானாக யோசித்து எழுதுவது அரை மணி தேறினால் பெரிது. மிச்சமெல்லாம் பலகையைப் பார்த்துக் கொப்பியில் இறக்குவது. மழைக் காலத்தில் ஒரு மண்சரிவு போதும், இரண்டு வாரம் விட்டுப்போகும். விட்ட அலகை அந்த வகுப்பில் திரும்ப நடத்த மாட்டார்கள்.

செலவையும் ரூபாயில் பார்ப்பதை விடப் பேரில், அதாவது தோட்டத்து நாட்சம்பளத்தில், பார்ப்பது நல்லது. ஒரு பாடத்தின் மாதக் கட்டணம், பஸ் காசு, டியூட் காசு மூன்றையும் கூட்டினால் அம்மாவின் எத்தனை நாட்பேர் போகிறது? இந்தக் கணக்கைப் போட்ட வீடுகளில் நான்கு பாடத்துக்கு அனுப்புவது தானாக ஒன்றிரண்டாகக் குறையும். குறையட்டும், அதுதான் சரி. சனி, ஞாயிறு இரண்டையும் கிளாஸுக்குக் கொடுத்த பிள்ளைக்கு எழுதிப் பார்க்க நாளே மிஞ்சாது.

சேர்வதற்கு முன் ஒரே ஒரு விசாரணை போதும். ஏற்கெனவே போகிற பிள்ளையின் கொப்பியை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மை இருக்கிறதா? பேப்பர் கிளாஸ் என்ற பெயரில் வினாவையும் விடையையும் பலகையில் எழுதிப்போடுவது பேப்பர் கிளாஸ் இல்லை. விடைத்தாளை வாங்கித் திருத்திக் கொடுக்கிற இடமென்றால் தூரமானாலும் போகலாம்.

போன் கிளாஸ்

நடையும் இல்லை, மழையும் தடுக்காது. தடுப்பது சிக்னல். பள்ளத்தில் இருக்கிற லயத்தில் ஒரு கோடுதான் வரும். மேட்டுக்கு ஏறினால் மூன்று கோடு வரும், அங்கே உட்கார்ந்து எழுத இடமிருக்காது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்பும். ஆகவே நேரடி ஸூமை விடப் பதிவு செய்த வீடியோ இங்கே கைகொடுக்கும். யூடியூபில் 360பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 மெகாபைட் போகும். பலகை எழுத்துத் தெரிய அது போதும். சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். நிறுத்தாவிட்டால் பாடத்துக்கு நடுவில் வேறு ஏதாவது வந்து நிற்கும். போனின் குணம் அது.

பலரும் கவனிக்காத கோளாறு ஒன்று உண்டு: கலைச்சொல். தேடினால் முதலில் வருகிற தமிழ் வீடியோக்களில் பாதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. அங்கே கணம், நமது வினாத்தாளில் தொடை. நிகழ்வெண் என்பது நமக்கு மீடிறன். இயற்கணிதம் இங்கே அட்சரகணிதம், வடிவியல் இங்கே கேத்திரகணிதம், முக்கோணவியல் இங்கே திரிகோணகணிதம். விஞ்ஞானத்தில் இன்னும் மோசம்: முடுக்கம் நமக்கு ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை நமக்கு ஒளித்தொகுப்பு, செல் கலமாகும், திசு இழையமாகும், ஆக்சிஜன் ஒட்சிசனாகும். அங்கே படித்த பிள்ளைக்குப் பாடம் தெரியும், ஆனால் நமது பல்தேர்வு வினாவில் சொல் புரியாமல் கோட்டைவிடும். விளக்கத்துக்கு அந்த வீடியோவைப் பார்க்கலாம். பார்த்த கையோடு அரசாங்கப் பாடநூலில் அதே அலகைத் திறந்து சொற்களை எழுதிக்கொள்ள வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இருப்பவை நமது பாடத்திட்டத்துக்கே செய்தவை, அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

எழுதும் நேரம் என்ற படியால் அளந்தால் போன் கிளாஸ்தான் கடைசி. ஆறு மாதத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. விளங்காத ஒரு அலகுக்கு இருபது நிமிட வீடியோ, உடனே பத்துக் கணக்கு. அதற்கு இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

பழைய பேப்பர்

இங்கேதான் சற்று நிற்க வேண்டும்.

இப்போதைய பாடத்திட்டத்தோடு பொருந்துவது 2016 முதல் வந்த வினாத்தாள்கள். அதற்கு முந்தியவற்றைப் புத்தகக்கடைத் தொகுப்புகளில் இன்னும் விற்கிறார்கள். கணிதத்தில் ஓரளவு உதவும், விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் பிள்ளையைக் குழப்பும். 2016 தொடக்கம் 2024 வரை ஒன்பது பேப்பர். (2024ஆம் ஆண்டுப் பரீட்சை நடந்தது 2025 மார்ச்சில். பேப்பரில் போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்துத் தேடுங்கள்.) புள்ளித் திட்டத்தையும் (எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்ற விடைத்தாளையும்) சேர்த்தே எடுக்க வேண்டும். அது இல்லாமல் பேப்பர் செய்வது நிறுக்காமல் கொழுந்து கொட்டுவது போல.

ஆண்டு வாரியாகச் செய்வதா, அலகு வாரியாகச் செய்வதா? இரண்டுக்கும் இடம் உண்டு, வரிசைதான் முக்கியம். முதல் நான்கு மாதம் 2016 முதல் 2020 வரையான ஐந்தையும் அலகாகப் பிரித்துச் செய்யுங்கள்: ஐந்து ஆண்டின் வட்டி, பங்குக் கணக்கு ஒரு வாரம், ஐந்து ஆண்டின் இருபடிச் சார்பு வரைபு அடுத்த வாரம். ஒரே வகை வினா ஐந்து முறை வரும்போது அதன் அச்சு பிடிபடும். 2021 முதல் 2024 வரையான நான்கையும் திறக்காமல் வைத்திருந்து, கடைசி இரண்டு மாதத்தில் மணிக்கூடு வைத்து முழுசாக எழுத வேண்டும். எல்லாவற்றையும் முதல் மாதமே ஆண்டு வாரியாக ஓட்டிவிட்டால் விடை மனப்பாடமாகிவிடும்; பிறகு 80 எடுத்தாலும் அந்த 80க்கு மதிப்பில்லை.

கணித வினாத்தாளின் அமைப்பைப் பிள்ளை வீட்டு முகவரி போலத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாம் வினாத்தாள் இரண்டு மணி நேரம்: பகுதி ஏயில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2, பகுதி பீயில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணி நேரம்: ஆறில் ஐந்து, ஆறில் ஐந்து என்று பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டு நூறையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஆகவே எஸ் எடுக்க 200க்கு 70 போதும். 25 சிறு வினாவில் 16 சரியென்றால் 32, பகுதி பீயில் பாதி என்றால் 25, மொத்தம் 57. இரண்டாம் வினாத்தாளில் இன்னும் 13 கிடைத்தால் கரையேறியாயிற்று. அது ஒன்றரை வினாவுக்கும் குறைவு. தேற்றம் நிறுவுகிற கணக்கைக் கண்டு நடுங்குகிற பிள்ளைக்கு இந்தக் கூட்டலைத் தாளில் போட்டுக் காட்டினாலே பாதிப் பயம் இறங்கும். முதலாம் தாளுக்கு முதலில் பழக வேண்டியவை பின்னம், சதவீதம், ஆரைச்சிறையின் (வட்டக்கோணப் பகுதியின்) பரப்பளவு, தொடை, நிகழ்தகவு. இரண்டாம் தாளுக்கு வரைபும் மீடிறன் பரம்பலின் இடையும். சி வேண்டுகிறவர்கள் இவற்றோடு அமைப்பும் (கவராயத்தால் உரு வரைவது) விருத்தியும் (எண் தொடர்) சேர்க்கட்டும். இரண்டாம் தாளில் ஒரு வினாவுக்கு 18 நிமிடம்தான். மணிக்கூடு இல்லாத பயிற்சியில் பிள்ளைகள் வரைபுக்கே 40 நிமிடம் எடுக்கிறார்கள்.

குழு மூன்று பேர். இரண்டென்றால் ஒருவர் வராத நாள் நின்றுபோகும், ஐந்தென்றால் கதைதான் நடக்கும். ஒரே வினாக்களைத் தனித்தனியே வாய் திறக்காமல் எழுதி, தாளை மாற்றி, புள்ளித் திட்டத்தைப் பார்த்துப் படிப்படியாகத் திருத்த வேண்டும். அப்போதுதான் தெரியும்: கேத்திரகணிதத்தில் காரணம் எழுதாததற்கு ஒரு புள்ளி போயிருக்கும், அமைப்பில் கவராயம் போட்ட வில்லை அழிறப்பரால் அழித்ததற்குப் போயிருக்கும், வரைபில் அச்சுக்குப் பெயரிடாததற்குப் போயிருக்கும். பிழைத்த கணக்கைத் தனிக் கொப்பியில் எழுதி, ஒரு கிழமை கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி செய்ய வேண்டும். இதைச் செய்யாத குழு ஒரே பிழையை ஒன்பது பேப்பரிலும் விடும்.

இந்த வழியின் பலவீனம் வெளிப்படையானது: மூவருக்கும் தெரியாததை மூவரும் சேர்ந்தும் தெரிந்துகொள்ள முடியாது. கெட்டிக்காரப் பிள்ளை செய்ய மற்ற இருவரும் பார்த்தெழுதுவதும் நடக்கும். முதலாவதற்குப் போன் வீடியோ, அல்லது பாடசாலை டீச்சரிடம் வாரம் ஒரு தாள். இரண்டாவதற்கு, முதலில் விளக்குகிறவரை ஒவ்வொரு நாளும் மாற்றுவது. இடத்துக்கு, மாலையில் டீவி ஓடுகிற காம்பராவை (லய அறையை) விட்டுவிட்டு, பொறுப்பானவர்களிடம் கேட்டுப் பிள்ளைமடுவத்தையோ (தோட்டத்துக் குழந்தை காப்பகத்தையோ) கோயில் மண்டபத்தையோ ஒன்றரை மணி நேரம் வாங்கலாம்.

விடியலா, இரவா?

நான்கு மணிக்கு எழுப்புவதை இங்கே ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்சில் பரீட்சை என்றால் கடைசிப் படிப்பு நுவரெலியாப் பக்கத்தின் கடும் குளிரில் விழுகிறது; விறைத்த விரலால் கணக்கு ஓடாது, போர்வைக்குள் புத்தகம் விரித்தால் தூக்கம்தான். அம்மா அடுப்பு மூட்டுகிற ஐந்து மணிக்கு எழுந்து அடுப்புப் பக்கமே உட்கார்ந்து வரலாறு, தமிழ் வாசிக்கட்டும். எழுதுகிற பாடத்தை மாலைக்கு வையுங்கள்.

யாருக்கு எது?

விஞ்ஞானத்தில் அடிப்படையே விட்டுப்போனவருக்கு டவுன் கிளாஸ், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும், தியரி முடியும் வரை. கணிதத்தில் 20க்கும் 35க்கும் இடையில் தவிப்பவருக்குப் பழைய பேப்பர் குழு. அவருக்குத் தேவை புதுப் பாடம் இல்லை, தெரிந்த பாதியைப் புள்ளியாக்குவது. 60ஐத் தாண்டி ஏ தேடுபவருக்கு விடைத்தாள் திருத்துகிற பேப்பர் கிளாஸ், கடைசி மூன்று மாதம். வரலாற்றுக்கு எந்தக் கிளாஸும் வேண்டாம்: இலங்கைப் படம், உலகப் படம் இரண்டிலும் வாரம் பத்து இடம் குறித்துப் பழகி, பல்தேர்வு 40ஐ ஒரு மணிக்குள் முடித்துப் பார்த்தால் போதும். ஆங்கிலத்துக்கு வார இறுதியில் மூன்று மணி நேரம் உட்காருவதை விட நாளுக்கு இருபது நிமிடம் மேல்.

டவுன் கிளாஸில் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று என்றால் நிறுத்தத் தேவையில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தால், அன்று பலகையில் பார்த்த கணக்கில் ஒன்றைக் கொப்பியை மூடிவைத்து மறுபடி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் எழுத்துக் கோணும், பரவாயில்லை.