ட்வைனா, இங்க்கா? வாசகர் எடுக்கும் தேர்வுக்கேற்பக் கிளைபிரியும் கதையைச் சுருக்கமாக எழுத, இந்த இரண்டு மென்பொருள்களில் எது?

செலவு: 2009-இல் வந்த ட்வைன் இலவசம், 2016-இல் திறமூலமான (நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட) இங்க்கும் இலவசம்.

எழுதும் விதம்: ட்வைனில் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும், அதுவே இணைப்பு. திரையில் இரண்டே வரி, ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த திரை, சொல்லாமல் விட்டதை வாசகரே நிரப்பிக்கொள்வார், எனக்கு இதுதான் உயிர். இங்க்கில் கதை மேலிருந்து கீழே ஓடும். நட்சத்திரக் குறியிட்ட தேர்வு எடுத்ததும் மறைந்துவிடும், பிரிந்த கிளைகளைச் சேர்க்க ஒரு சிறு கோடு போதும்.

ஆயுள்: ட்வைன் தருவது ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு, உலாவியில் திறந்துவிடலாம். இங்க் வெறும் உரைக்கோப்பு, அப்புறம் யூனிட்டி என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளிலும் சேர்க்கலாம்.

பத்து நிமிடக் கதைக்கு ட்வைன்தான். நிறைய உரையாடல், அதுவும் முந்தைய தேர்வுகளுக்கேற்ப மாறவேண்டுமென்றால், இங்க்.