ஒரு ஏக்கர் பார்க்கிங், 14-க்கு 16 அடியில் ஒரு வீடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே இருக்கிற ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போய்வந்தேன். குடியேறிப் பயிர் வைத்துக் காட்டியவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் நினைவாக இருக்கிற பூங்கா. மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து தெற்கே சுமார் 40 மைல், அப்புறம் ஊரைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம். அனுமதி இலவசம். (ஊர்ப் பெயரை பீட்ரிஸ் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள், நடுவில் இருக்கிற 'ஆட்'டை அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.)

போகக் காரணம் என் எதிர்வீட்டுப் பாட்டி. அவருடைய கொள்ளுப்பாட்டி ஜெர்மனியில் பிரேமன் பக்கம் கப்பலேறி வந்து இந்தப் புல்வெளியில் குடித்தனம் போட்டவர். அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது முட்டைக்கோஸ் சீவுகிற ஒரு பலகை மட்டும்தான். நீளமான மரப்பலகை, நடுவில் சாய்வாகப் பதித்த கத்திகள். அதன் இடது ஓரத்தில் ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து வழவழவென்று இருக்கிறது. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சீவியிருக்கிறார், பீப்பாய் பீப்பாயாக உப்புப் போட்டுப் புளிக்கவைக்க. நான் அதைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பியாட்ரிஸுக்குப் போ, ஆனால் முதலில் மரவீட்டைப் பார், மியூசியத்தை அப்புறம் பார்த்துக்கொள்" என்றார்.

நான் கேட்கவில்லை. காரை நிறுத்தியதும் நேராக மியூசியத்துக்குள், அதாவது ஹெரிட்டேஜ் சென்டருக்குள் போய்விட்டேன். அந்தக் கட்டடம் அப்படி ஆளை இழுக்கிறது, மண்ணைக் கிழித்துக்கொண்டு போகிற கலப்பை மாதிரி கூரை மேலே எழும்பி நிற்கிறது. பார்க்கிங் சரியாக ஒரு ஏக்கர், வேண்டுமென்றே அளந்து போட்டிருக்கிறார்கள். ஒரு ஹோம்ஸ்டெட், அதாவது ஒருவருக்குக் கொடுத்த நிலம் என்றால் இது மாதிரி 160. உள்ளே போகிற வழியில் 30 மாநிலங்களின் வடிவத்தில் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, எந்த மாநிலத்தில் எவ்வளவு நிலம் இந்தச் சட்டத்தில் போனதோ அந்த அளவுக்குத் தகட்டில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நெப்ராஸ்காவுக்கு 45 சதவீதம், கிட்டத்தட்ட பாதித் தகடு ஓட்டை. வேறு எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு இவ்வளவு சுலபமாக மண்டையில் ஏறியதில்லை.

உள்ளே சட்டத்தைப் பொறுமையாக விளக்குகிறார்கள். 1862 மே 20 அன்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். 160 ஏக்கர், கட்டணம் மொத்தமாக 18 டாலர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்ட வேண்டும், அதற்கு சாட்சி இரண்டு பேர். வெளிநாட்டிலிருந்து வந்தவர், குடியுரிமை வாங்கப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நிலத்துக்கு மனு போடலாம். இப்படிக் கைமாறியது 27 கோடி ஏக்கர். அந்த நிலம் அதற்கு முன் காலியாக ஒன்றும் கிடக்கவில்லை, இந்தப் பக்கமெல்லாம் ஓட்டோ-மிசூரியா மக்களுடையது, 1881-ல் அவர்களை ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே போடுகிற குறும்படத்திலும் பூர்வகுடிகள் தரப்பு வருகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விஷயம். கல்யாணமாகாத பெண், விதவை, விவாகரத்து ஆனவர் என்றால் தன் பெயரிலேயே மனு போடலாம். 1862-க்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் கணவனோடு வந்தவளுக்கு அது கிடையாது. உழைப்பில் பாதி அவளுடையது, பத்திரத்தில் பெயர் அவருடையது. அவர் நடுவில் செத்துப்போனால் மிச்ச வருடங்களை இவள் முடித்துப் பட்டா வாங்கலாம். ஆக, காகிதத்தில் அவள் பெயர் வர ஒரு சாவு தேவைப்பட்டது. பாட்டியின் கொள்ளுப்பாட்டி பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாததற்குக் காரணம், அவர் கணவர் நன்றாக வாழ்ந்தார் என்பதுதான்!

இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் பின்பக்கம் இருக்கிற மரவீட்டுக்குப் போனேன். 1867-ல் பால்மர் என்பவர் கட்டியது, ஜெர்மன் குடும்பமில்லை, ஆனால் அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்பதற்கு இது போதும். 14-க்கு 16 அடி. கணவன், மனைவி, பத்துப் பிள்ளைகள். வெளியே சுவரை ஒட்டி நடந்தேன், ஆறு எட்டு வைத்ததும் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. வாசலில் நின்றபடி மனதுக்குள் அடுப்பை ஒரு மூலையில் வைத்தேன், கட்டிலை இன்னொரு மூலையில், முட்டைக்கோஸ் பீப்பாயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாட்டி சொன்னது அப்போதுதான் புரிந்தது. இதை முதலில் பார்த்துவிட்டு அந்த 160 ஏக்கர் கதையைக் கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது அந்த வரிசையில் பாருங்கள்.

இதுவும் ஓடைக்கரையில் மரம் இருந்ததால் கிடைத்த வசதி. இன்னும் மேற்கே போனவர்களுக்கு மரமே இல்லை, வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டிச் செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு, எல்லாம் சரிதான், ஆனால் மழை பெய்தால் உள்ளே சேறு ஒழுகும், சும்மா இருக்கும்போதும் கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழும். அதற்காகப் பெண்கள் கூரைக்கு அடியில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டினார்கள். விறகு கிடையாது, முறுக்கிய வைக்கோல், சோளத்தக்கை, காய்ந்த சாணம், இவைதான் எரிபொருள். ரொட்டி சுடுகிறவளே சாணத்தை எடுத்துப் போட்டு, கையைக் கழுவி, மறுபடி மாவைப் பிசைய வேண்டும். 1874-ல் வெட்டுக்கிளி வந்தபோது தோட்டத்தைக் காப்பாற்றப் போர்வைகளை எடுத்து மூடினார்கள், அது போர்வையையும் சேர்த்துத் தின்றது.

புல்வெளிப் பாதையைக் கட்டாயம் நடந்து பாருங்கள். சுமார் 100 ஏக்கர், பழையபடி புல்லை வளர்த்து மீட்டெடுத்திருக்கிறார்கள். கோடை முடிவில் உயரப்புல் ஆளையே மறைத்துவிடும், காற்று நிற்பதேயில்லை. பத்து நிமிடத்தில் எனக்குத் திசை தெரியாமல் போனது, செல்போன் இருந்தும்! பக்கத்து வீடு ஒரு மைலில், அந்த வீட்டுக்காரியின் மொழியும் வேறு என்றால் எப்படி இருந்திருக்கும். அரைக்கால் சட்டையில் போனது என் முட்டாள்தனம், வீட்டுக்கு வந்து இரண்டு உண்ணியைப் பிடுங்கினேன். முழுக்கால் சட்டை போடுங்கள்.

மொழி என்றதும், கொஞ்சம் தள்ளி இருக்கிற ஃப்ரீமன் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிடுங்கள். 1872-ல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம், 1967 வரை வகுப்பு நடந்தது. நெப்ராஸ்காவுக்கு வந்து குடியேறியவர்களில் ஜெர்மானியர்கள்தான் அதிகம். வீட்டிலும் தேவாலயத்திலும் அவர்கள் ஜெர்மன்தான் பேசினார்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்றுக்கொடுத்தால் குற்றம். ஹாமில்டன் கவுண்டியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்ததற்கு 25 டாலர் அபராதம். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தது. ஆனால் பாட்டி வீட்டில் அதற்குள் எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்களாம், சமையல் சாமான்களின் பெயர் மட்டும் ஜெர்மனில் நின்றுவிட்டது.

பசிக்கு என்ன செய்வது? லிங்கனுக்குத் திரும்பியதும் ரன்ஸாவில் நுழைந்தேன். ரஷ்யாவில் வோல்கா கரையில் குடியிருந்து இங்கே வந்த ஜெர்மன் குடும்பத்தின் வாரிசுகள் 1949-ல் ஆரம்பித்த கடை, இன்று மாநிலம் முழுக்கக் கிளைகள். நீள ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம் வைத்து மூடிச் சுட்டது. மிளகு தூக்கலாக இருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும், ஆனால் சூடாக, கையில் பிடித்தபடி, வேலைக்கு நடுவே சாப்பிடத் தோதான பண்டம், வயலுக்குக் கொடுத்தனுப்பவே செய்தது மாதிரி. பாட்டிக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பிய்த்துப் பார்த்துவிட்டு, "கோஸை இவ்வளவு தடிமனாகவா நறுக்குவார்கள்" என்றார்.

அடுத்து ஜனவரியில் ஒரு தடவை போகப்போகிறேன். அந்த மரவீட்டு வாசலில் குளிர்காற்றில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கார் ஹீட்டரை அணைக்காமல்தான்.