விதை முளைப்புப் பெட்டி: பொருள் பரவாயில்லை, தாள்தான் பிழை

புறக்கோட்டையில் விற்கும் இந்தப் பெட்டியைத் தரம் 2, 3 சுற்றாடல் பாடத்துக்கு வாங்கலாம். கூட வரும் அறிவுறுத்தல் தாளை மட்டும் வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே ஆறு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பைகள், பஞ்சு, துளிசொட்டி, கைவில்லை, பயறு, கௌபி, போஞ்சி விதைகள். கோப்பை விளிம்பு கையை வெட்டாது. போஞ்சி விதையில் இளஞ்சிவப்புச் சாயம். விதைக்கு இப்படிப் பூசுவது பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி. சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம், பலசரக்குக் கடைப் பயறு போதும்.

பஞ்சை 'நன்றாக நனைக்க' என்கிறது தாள். அப்படிச் சொட்டச் சொட்ட நனைத்தால் காற்றில்லாமல் விதை அழுகி மணக்கும். டிஷூத் தாளைச் சுருட்டிக் கோப்பைக்குள் விட்டு, அதற்கும் சுவருக்கும் இடையே நடு உயரத்தில் ஐந்து விதை செருகுங்கள். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். வேர் இறங்குவது வெளியே தெரியும். கொழும்பு வெக்கைக்குப் பயறு இரண்டாம் நாளே வால் விடும். மூடி போட்டால் பூஞ்சணம்தான்.

வெளிச்சமின்றி விதை முளைக்காது என்றும் தாள் சொல்கிறது! பயறு இருட்டிலும் முளைக்கும். ஒரு கோப்பையை அலுமாரிக்குள்ளும் இன்னொன்றை ஜன்னலோரமும் வையுங்கள். தண்ணீரும் விதையும் ஒரே அளவு. இருட்டுச் செடி மஞ்சளாய், நெட்டையாய் நிற்கும். "இதுதான் டீச்சர் நல்லா வளர்ந்திருக்கு" என்பார்கள் பிள்ளைகள். உடனே திருத்தாதீர்கள். விதையிலையில் (விதைக்குள் இருக்கும் முதல் இலை) சேமித்த உணவு தீர்ந்ததும் அது சாய்வதை அவர்களே பார்க்கட்டும்.

அளவுகோல் பெட்டியில் இல்லை. தினமும் செடி உயரத்துக்குக் கடதாசிக் கீலம் வெட்டி வரிசையாக ஒட்டினால் அதுவே வரைபு.