லாஸ் வேகாஸ் கஞ்சா கடை: திருப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

துணிக் கண்காட்சிக்கு லாஸ் வேகாஸ் போகும் நம்ம ஆட்கள் கேட்பதால் எழுதுகிறேன். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2017 ஜூலையிலிருந்து 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சாவைக் கடையில் விற்பது சட்டப்படி சரி. நான் போன கடையில் வாசலிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் அருமை. புதுசு என்றதும் விலை கூடினதைத் தலையில் கட்டாமல், 10 மில்லிகிராம் THC (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கலந்த மிட்டாயைப் பாதியாக வெட்டிச் சாப்பிடச் சொன்னார். போதை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்பட்டு அடுத்ததை எடுக்காதீர்கள் என்று திரும்பவும் சொல்லி அனுப்பினார். அந்தப் பொறுமைக்கே முழு மார்க். பில்லில் வரிதான் எக்கச்சக்கம். ரொக்கம் கொண்டு போங்க. தெருவிலோ காசினோவிலோ புகைக்கக் கூடாது. ஹோட்டலில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மிச்சத்தைப் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். இங்கே 1985 போதைப்பொருள் சட்டப்படி ஜெயில்தான்.